நான்கு வருடம் இரும்பு டானிக்

எங்களுக்கு நீலகிரியில் கூடலூர் பக்கம். மகனுக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒருநாள் காலையில் பார்த்தால் இரண்டு கை விரல்களும் புடைத்திருந்தன. தொட்டாலே அலறினான். பூச்சி கடித்திருக்கும் என்று மாமியார் மஞ்சள் பற்றுப் போட்டார். ஒரு வாரத்தில் வடிந்தது. அப்புறம் பாதம் வீங்கியது.

ஆஸ்பத்திரியில் 'ரத்தம் கம்மி' என்று இரும்பு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். கண் மஞ்சளாகும்போதெல்லாம் காமாலை என்று நாங்களே கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். நான்கு வயது வரை இதே கதைதான். வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அக்காதான், "சிக்கிள் செல் டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய் அது.

முதல் சோதனைக்கு விரல் நுனி ரத்தம் போதும். மருந்தில் விட்டதும் கலங்கியது. ஆனால் நோயா, வெறும் கேரியரா (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவரா) என்று அதில் தெரியாதாம். ஹீமோகுளோபினை வகை பிரித்துப் பார்க்கும் சோதனையில்தான் நோய் என்று உறுதியானது. நானும் கணவரும் கேரியர். "எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லையே டாக்டர்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார் கணவர். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்தியாவில் இதை முதலில் கண்டறிந்ததே 1952-ல், இதே நீலகிரியில் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார். நல்ல சிவப்பணு வட்டத் தட்டு மாதிரி, வளைந்துகொடுத்துப் போகும்; 120 நாள் இருக்கும். இவனுடையது அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துவிடும். பத்து இருபது நாளில் உடைந்துவிடும். உடைவதால் சோகை, மஞ்சள் கண். சின்ன ரத்தக்குழாயில் சிக்குவதால் வீக்கமும் வலியும். பிறந்த புதிதில் கருவில் இருந்த வகை ஹீமோகுளோபின் காப்பாற்றியிருக்கிறது. அது குறைந்தபோதுதான் விரல் வீங்கியது. இப்போது தரும் ஹைட்ராக்ஸியூரியா மருந்து அதே வகையைத்தான் மறுபடி கூட்டுகிறதாம். ஆனால் அவ்வப்போது ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தே தீரவேண்டும். இரும்பை நிறுத்தி ஃபோலிக் ஆசிட் கொடுத்தார்கள்.

இடது விலாவுக்குக் கீழே தடவி மண்ணீரல் பெருத்திருக்கிறதா என்று பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே திடீரென்று ரத்தம் தேங்கினால் உயிருக்கே ஆபத்து. மண்ணீரல் பழுதானால் கிருமியைத் தடுக்கவும் ஆளில்லை. அதனால் காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திருக்க மாட்டோம், ஜீப் பிடித்துவிடுவோம்.

படுக்கையை நனைக்கிறான் என்று அவனை அடித்திருக்கிறேன். சிறுநீரகத்தால் நீரைப் பிடித்து வைக்க முடியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது பள்ளியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்: தண்ணீர் குடிக்கவும் ஒண்ணுக்குப் போகவும் கேட்டால் உடனே விடவேண்டும், மழையில் நனைய விடக்கூடாது. டீச்சர் அதை வருகைப் பதிவேட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்.