தாய்க்கோழி பிரிப்பதற்கு முன்

ஆரணிப் பக்கத்துக் கிராமங்களில் கால்நடை மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு, மாடு ஆடுகளுக்கு அடுத்தபடியாக அதிக நேரம் போவது கொல்லைப்புறக் கோழிகளோடுதான். அதிலும் கோழி பொரித்த வாத்துக்குஞ்சுகளைப் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் ஏராளம். சன்னியாசி, கீரி என்று பிரித்துச் சொல்லப்படும் நம் நாட்டு வாத்துகள் நன்றாக முட்டையிடும்; அடைக்கு உட்காருவது மட்டும் அபூர்வம். அதனால் வாத்து முட்டையை அடைக்கோழிக்கு வைப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது.

குஞ்சு பொரிக்கும் வரை வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. கோழி முட்டை 21 நாளில் பொரியும், வாத்து முட்டைக்கு 28 நாள் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் கோழிக்குஞ்சு வந்ததும் தாய் எழுந்து போய்விடும். பன்னிரண்டு முட்டைக்கு உட்காரும் கோழிக்கு எட்டு, ஒன்பது வாத்து முட்டைதான் அடங்கும். கடைசி வாரத்தில் முட்டைமேல் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். இதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சிக்கல் அதற்கு அப்புறம்தான். "குஞ்சு நல்லாதான் இருந்துச்சு டாக்டரம்மா. ஒன்றரை மாசம் கழிச்சு வெளியில விட்டோம். எல்லாம் சேந்து கொத்தி வெச்சிருக்கு" என்று கூடையில் துணி போட்டு மூடி எடுத்து வருவார்கள். தலையிலும் முதுகிலும் தோல் உரிந்திருக்கும்.

இப்படிக் காயம்பட்டு வரும் குஞ்சுகளின் வீட்டில் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். பருந்துக்கும் கீரிப்பிள்ளைக்கும் பயந்து, தாயையும் குஞ்சுகளையும் தனியாக அடைத்து வளர்த்திருப்பார்கள். தாய்க்கோழி மறுபடி முட்டைக்கு வந்து குஞ்சுகளைக் கொத்திப் பிரித்ததும், "சரி, பெருசாயிடுச்சு" என்று குஞ்சுகளை மட்டும் கூட்டத்தில் விட்டிருப்பார்கள். மந்தைக்கு அவை முன்பின் தெரியாதவை. அவற்றுக்காகச் சண்டை போடவும் யாரும் இல்லை.

தாய்க்கோழியின் அதிகாரம் கொஞ்ச காலம்தான். குஞ்சு இருக்கும்வரை, கூட்டத்தில் கடைசி இடத்தில் இருந்த கோழிகூடச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு நாலடி முன்னால் வந்தால் சேவல் ஒதுங்கும், வான்கோழியே திரும்பிப் போகும். அந்த நாட்களில்தான் குஞ்சுகள் மந்தைக்குப் பழக வேண்டும். ஆறேழு வாரத்தில் அந்த அதிகாரம் போய்விடும். ஆகவே நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: தாய் பிரிக்கும் முன்பே சேர்த்துவிடுங்கள்.

குஞ்சுகளுக்குப் பத்து நாள் ஆனதும் பஞ்சாரத்தை, அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையை, முற்றத்தின் நடுவே வைத்து, உள்ளே தாயும் குஞ்சும், வெளியே மற்றவை என்று பக்கம் பக்கமாகத் தீனி போடச் சொல்வேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே தின்னட்டும். சில நாள் கழித்து மாலையில், மற்ற கோழிகளின் இரைப்பை நிறைந்து அடையப் போகும் நேரத்துக்குச் சற்று முன்னால், பஞ்சாரத்தைத் தூக்கிவிட வேண்டும். வயிறு நிறைந்த கோழிக்குச் சண்டையில் அக்கறை குறைவு. ஒரு பழைய கதவையோ ஓலைத் தட்டியையோ சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் குஞ்சு மட்டும் நுழையும்படி வழி விட்டால் போதும். கோழிக்குஞ்சு துரத்தப்பட்டால் திண்ணைமேல், கிளைமேல் ஏறிவிடும். வாத்துக்குஞ்சுக்குத் தரைதான்.

அப்படிப் பஞ்சாரத்தைத் தூக்கிய ஒரு வீட்டில் அன்று மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கோழிக்குஞ்சாக இருந்தால் பெரிய கோழி முறைத்ததும் தலையைத் தாழ்த்தி நழுவிவிடும். வாத்துக்குஞ்சுகளோ ஒரே கொத்தாகச் சேர்ந்து, கழுத்தை முன்னால் நீட்டி, தலையை ஆட்டி ஆட்டிக்கொண்டு நேராக எதிரே போயின. தலையாட்டல் வாத்துகளுக்குள் பழக்கமான செய்கை. கோழிக்கு அது வம்புக்கு இழுப்பதாகப் படுகிறது போலும். ஒரு கறுப்புப் பெட்டை கழுத்து இறகை விரித்துக்கொண்டு பாய்ந்தது. அது முதல் குஞ்சைத் தொடுவதற்குள் தாய் இடையில் வந்து விழுந்தது. இரண்டு கோழியும் காலால் ஒருமுறை உதைத்துக்கொண்டன, அவ்வளவுதான். குஞ்சுகள் சிதறி ஓடித் தட்டிக்குப் பின்னால் ஒளிந்தன. அந்தக் கறுப்புப் பெட்டை அதற்கப்புறமும் சில நாள் கொத்த வந்தது, ஆனால் தாய் நிற்கும் திசையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தது. குஞ்சுகளும் அதன் தீனித் தட்டுக்குக் கிட்டே போவதை நிறுத்திக்கொண்டன.

கோழியின் குரலுக்கு வாத்துக்குஞ்சு கட்டுப்படுமா என்று பலர் கேட்பார்கள். கட்டுப்படும், ஆனால் கோழிக்குஞ்சு அளவுக்கு இல்லை. அமெரிக்க ஆய்வாளர் கில்பர்ட் காட்லீப் இதைச் சோதித்துப் பார்த்தார். தாய் வாத்தின் குரலையே கேட்டிராத வாத்துக்குஞ்சுகளுக்கு வாத்தின் அழைப்பையும் கோழியின் அழைப்பையும் ஒலிக்கவிட்டால் அவை வாத்தின் அழைப்பையே தேடிப் போயின. முட்டைக்குள் இருக்கும்போதே தன் குரலையும் பக்கத்து முட்டைகளின் குரலையும் கேட்டுக் காது பழகிவிடுவதுதான் காரணம். அந்தக் குரல்களையும் கேட்கவிடாமல் செய்த குஞ்சுகளால் இரண்டு அழைப்பையும் பிரித்தறிய முடியவில்லை. இதைப் படித்த பிறகு, தாய் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போகும் குஞ்சுகளைப் பார்க்கும்போது, தாய்க்கோழியின்மேல் எனக்கு மரியாதை கூடியது. முழுக்கப் பிடிபடாத ஒரு மொழியில் விடாமல் கூப்பிட்டே அவற்றை வளர்க்கிறது.

அது தோற்கும் இடம் தண்ணீர். குட்டையைக் கண்டால் குஞ்சுகள் இறங்கிவிடும். தாய் கரையில் அங்கும் இங்கும் ஓடிக் கத்தும். தாய் வாத்தின் இறகோடு உரசி எண்ணெய்ப் பசை ஏறும் வாய்ப்பு இந்தக் குஞ்சுகளுக்கு இல்லை. தூவி நனைந்து, குளிரில் விறைத்துச் செத்துப்போகும். அதனால் முதல் சில வாரம் மூக்குத் துளை முங்கும் அளவுக்குத் தண்ணீர் உள்ள சட்டி, அதில் கூழாங்கல், அது போதும். மூக்கையும் கண்ணையும் கழுவ அந்த ஆழம் அவசியம். சட்டியைக் கோழித் தீவனத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தரை நசநசவென்று ஈரமாகிவிட்டால் அடுத்து கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல்தான்.

தீனியில் இரண்டு விஷயம் முக்கியம். வாத்துக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் அளவுக்கு நியாசின் (பி3 வைட்டமின்) வேண்டும். கோழிக்குஞ்சுக்கு அவ்வளவு தேவையில்லை. வெறும் குருணையில் வளர்ந்த குஞ்சு கால் வளைந்து நொண்டும். அப்படி நொண்டுவதைத்தான் மந்தை முதலில் கொத்தும். தண்ணீரில் பி காம்ப்ளக்ஸ் கலந்து கொடுத்து, தீனியில் ஈஸ்ட் சேர்த்தால் ஆரம்ப நிலையில் தேறிவிடும். இன்னொன்று பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் அந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. வாத்துக்குஞ்சு அதற்குப் பலியாவதில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். அந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே ஒரு காலத்தில் ஒருநாள் வயது வாத்துக்குஞ்சைத்தான் பயன்படுத்தினார்கள். கோழி தின்று சமாளிக்கும் புண்ணாக்கு, அதே முற்றத்தில் வாத்துக்குஞ்சைக் கொன்றுவிடும்.

பகலில் கூடி மேய்ந்தாலும் இரவில் பிரித்து அடைப்பதே நல்லது. கோழி மேலே அடையும், வாத்து தரையில் படுக்கும்; எச்சம் முழுக்க வாத்தின்மேல் விழும். வெள்ளைக்கழிச்சல் கிருமி வாத்தின் உடம்பில் அறிகுறி எதுவும் காட்டாமலே இருந்து கோழிக்குப் போகலாம். அதனால் வாத்து வளர்க்கும் வீடுகளில், பிப்ரவரி முகாமில் ஒரு கோழிகூட ஊசிக்குத் தப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வேன். வாத்துகளுக்கு இரண்டு மாதத்தில் வாத்து பிளேக் தடுப்பூசி தனி.

கடைசியாக ஆண் வாத்து. கோழியே வளர்த்த ஆண் வாத்து பருவத்துக்கு வந்ததும் கோழிகளைத் துரத்துவதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். சேவலுக்கு இல்லாத நீண்ட உறுப்பு ஆண் வாத்துக்கு உண்டு. அது ஏறினால் பெட்டைக்கோழிக்கு உள்ளே கிழிந்து, உயிரே போகலாம். ஐந்தாறு பெட்டை வாத்துக்கு ஒரு ஆண் என்று வைத்தால் தொல்லை பெரும்பாலும் அடங்கும். பொரித்ததில் இரண்டே குஞ்சு தப்பி, இரண்டும் ஆணாகப் போன வீட்டில் விற்றுவிடச் சொல்வேன். "கோழி வளத்த புள்ளைங்கம்மா, எப்பிடி விக்கிறது" என்று ஒரு பாட்டி மறுத்துவிட்டார். அவருக்காக பக்கத்து ஊரில் வாத்து மேய்ப்பவரிடம் பேசி போதுமான பெட்டை வாத்து வாங்கிக் கொடுத்தோம். இப்போது அந்த ஆண்கள் இரண்டும் கோழிகள் பக்கம் போவதில்லை.