இந்தக் கட்டை எதன்மேல் நிற்கிறது?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், மேற்கு லண்டனில் 1930-களில் கட்டிய ஒரு வீட்டின் முகப்பைத் திரும்ப வரையும் பொறுப்பு என்னிடம் வந்தது. டியூடர் பாணி வீடு, அதாவது பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மரச்சட்ட வீடுகளைப் போலச் செய்தது. செங்குத்தான ஓட்டுக்கூரை, தெருவைப் பார்த்த முக்கோணச் சுவர், வெள்ளைப் பூச்சுக்கு நடுவே கறுப்பு மரப்பட்டைகள். பட்டைகள் எதையும் தாங்கவில்லை. செங்கல் சுவர்மேல் அறைந்த வெறும் அலங்காரப் பலகைகள். மேல்விளிம்பில் மழைநீர் தேங்கி எல்லாமே உளுத்திருந்தன.

நேராக, சாய்வாக, வளைவாக என்று ஆசை தீரப் பட்டைகளை வரைந்து எடுத்துப்போனேன். என் மேலதிகாரி ஒரு பட்டையைப் பென்சிலால் தொட்டார். "இந்தக் கட்டை எதன்மேல் நிற்கிறது?" அதற்கு நேர் கீழே இருந்தது ஜன்னல் கண்ணாடி.

அன்று மதியமே மத்திய லண்டனில் உள்ள ஹோபர்னுக்குப் போய், ஸ்டேபிள் இன் என்ற பழைய மரச்சட்டக் கட்டிடத்தின் எதிரே நின்றேன். 1585-இல் எழுந்து, பலமுறை செப்பனிடப்பட்ட முகப்பு. ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைத் தாண்டித் தெருப்பக்கம் நீண்டிருக்கிறது. அந்தக் காலத்துத் தச்சர்கள் ஈரம் காயாத ஓக் மரத்தைத் துளையும் கழுந்துமாகச் செதுக்கி, மர ஆணி அடித்து இறுக்கினார்கள். சட்டங்களுக்கு இடையே குச்சிகளைப் பின்னிக் களிமண் அப்பினார்கள். வெளியே தெரியும் கோடுகள்தான் வீட்டின் எலும்புகள். நெருக்கமாக நிறுத்திய கட்டைகளுக்கு மரம் நிறையத் தேவை. அப்படிக் கட்டியவர் தன் செல்வத்தையும் காட்டிக்கொண்டார். சாய்வுக்கட்டை சட்டம் ஒருபக்கம் சரியாமல் பிடிக்கிறது. நான் அதை வெறும் கோடாகப் பார்த்திருந்தேன்.

மறுபடி வரைந்தபோது பாதிப் பட்டைகள் போய்விட்டன. முதலில் படுக்கை உத்திரம், அதன்மேல் நிற்கும் கட்டைகள், பிறகே மூலைச் சாய்வுகள். பலகைகளின் மேல்விளிம்பை நீர் வழியச் சாய்வாகச் சீவச் சொன்னோம். ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பை அரித்துக் கறை இறக்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் போட்டோம்.

நிறத்தில்தான் தோற்றேன். பழைய ஓக்கைப் பல இடங்களில் பூசாமல் விட்டார்கள், அது வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பலாகும், கன்னங்கறுப்பு பெரும்பாலும் விக்டோரியா காலத்து ரசனை என்று உரிமையாளரிடம் எடுத்துச் சொன்னேன். தெரு முழுக்கக் கறுப்பு, தன் வீடு மட்டும் மாறுவானேன் என்றார். கறுப்பே அடித்தோம். எனக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் மாடியில் உள்ள ஒவ்வொரு கட்டையும் உத்திரத்தின்மேல் இறங்குகிறது. உத்திரத்தின் இரு முனைகளும் செங்கல்மேல் உட்கார்ந்திருக்கின்றன.