விடுபட்ட கண்ணி எது?

பார்சல் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் ஜாவா மென்பொருளைப் பராமரித்துவந்த காலத்தில், ஆர்டரிலிருந்து வாடிக்கையாளர், அவரிலிருந்து முகவரி, முகவரியிலிருந்து பின்கோடு என மூன்று படி இறங்கும் ஒரு நிரல்பகுதி என் பொறுப்புக்கு வந்தது. எந்தப் படியிலும் மதிப்பு இல்லாமல் போகலாம் என்பதால், ஒன்றுக்குள் ஒன்றாக இஃப் நிபந்தனைகள் அடுக்கப்பட்டிருந்தன. மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் காட்ட 1965இல் தாம் அறிமுகப்படுத்திய நல் (null) குறிப்பைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்று கணினி அறிவியலாளர் டோனி ஹோர் 2009இல் வருந்திக் கூறியதன் பொருள், அந்த அடுக்கில் ஒரு நிபந்தனை விடுபட்டு மென்பொருள் நின்றுபோன இரவில்தான் எனக்கு உறைத்தது.

2014இல் ஜாவா 8உடன் வந்த, மதிப்பு இருக்கவோ இல்லாமலிருக்கவோ கூடிய பெட்டி போன்ற ஆப்ஷனல் வகையைக் கொண்டு அதைத் திருத்தி எழுதினேன். முதலில், விடையை எப்போதும் புதிய ஆப்ஷனலில் இட்டுத் தரும் மேப் பயன்படுத்தியதால் ஆப்ஷனலுக்குள் இன்னோர் ஆப்ஷனல் வந்து உட்கார்ந்தது. அந்தக் கூடுதல் உறையை இடாத ஃப்ளாட்மேப்புக்கு மாற்றியதும் முழுச் சங்கிலியும் நான்கு வரிகளில் அடங்கியது. மதிப்பு இல்லாதபோது கிளை அலுவலகத்தின் பின்கோடைத் தரவுத்தளத்தில் தேடி எடுக்கும் அழைப்பை, மாற்று மதிப்பைத் தரும் ஆர்எல்ஸுக்குள் வைத்திருந்தேன். அடைப்புக்குள் இருப்பது முதலிலேயே கணக்கிடப்பட்டுவிடும் என்பதால், மதிப்பு இருந்தபோதும் அந்தத் தேடல் ஒவ்வொரு முறையும் நடந்தது. ஆர்எல்ஸ்கெட் என்று மாற்றி, தேடலை, தேவைப்பட்டால் மட்டும் இயக்கப்படும் பெயரற்ற சிறு செயல்கூறான ஒரு லாம்டாவாகக் கொடுத்த பிறகே அது நின்றது.

இவை எளிதில் தீர்ந்தன. என்னை உண்மையில் உலுக்கியது, சில பார்சல்கள் காரணமின்றிக் கிளை அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்ததுதான். வாடிக்கையாளர் இன்னும் முகவரி தரவில்லை என்பது இயல்பான இன்மை. ஆர்டர் இருக்க அதற்குரிய வாடிக்கையாளர் பதிவே இல்லை என்பது தரவுச் சிதைவு. என் அழகிய சங்கிலி இரண்டையும் ஒரே வெற்று ஆப்ஷனலாக்கி, எந்தக் கண்ணி விடுபட்டது என்ற செய்தியையே விழுங்கிவிட்டிருந்தது. நல் பிழையாவது வரி எண்ணைச் சொல்லியிருக்கும்.

ஆகவே சங்கிலியை இரண்டாக வெட்டினேன். வாடிக்கையாளர் இல்லையென்றால் ஆர்எல்ஸ்த்ரோ மூலம் ஆர்டர் எண்ணுடன் பிழை எழும். முகவரியில் தொடங்கும் பகுதி மட்டும் ஆப்ஷனலாகவே தொடரும். ரஸ்ட் மொழியில் ஓகே_ஆர் கொண்டு ஆப்ஷனலுக்கு நிகரான ஆப்ஷனை, பிழைச் செய்தியையும் சுமக்கும் ரிசல்ட்டாக்கி, வினாக்குறியால் பிழையை மேலே அனுப்புவதும் இதே பிரிவினைதான் என்று பின்னாளில் கண்டேன்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர், நிரல் மறுஆய்வின்போது அவ்விரண்டு துண்டுகளையும் மீண்டும் ஒன்றாக்கலாமே என்று கேட்டார். பதிலாக, பிழைப் பதிவில் ஆர்டர் எண்ணோடு வந்திருந்த வரியை அவருக்குக் காட்டினேன்.