மல்டிமீடியா கம்ப்ரெஷன் பேப்பருக்கு நான் படித்த விதம்

முதல் இன்டர்னலில் எனக்கு 50-க்கு 19. படிக்காமல் போகவில்லை; ஜேபெக் (JPEG) முறையில் படத்தைச் சுருக்கும் படிகளின் கட்டப்படத்தை வரிசை பிசகாமல் வரைந்திருந்தேன். ஆனால் "தகவல் இழப்பு எந்தப் படியில் நடக்கிறது?" என்ற கேள்விக்கு டிசிடி (DCT) என்ற உருமாற்றப் படி என்று எழுதிவிட்டேன். டிசிடி 8×8 பிக்சல்களை 64 அதிர்வெண் எண்களாக மாற்றுகிறது, அவ்வளவுதான். திருப்பிப் போட்டால் கிட்டத்தட்ட அதே படம் வந்துவிடும். இழப்பு நடப்பது அடுத்த படியான குவான்டைசேஷனில், அதாவது அந்த எண்களை வகுத்து முழு எண்ணாக்கும் இடத்தில்.

இது மண்டையில் ஏற, ஒரே ஒரு 8×8 கட்டத்தைக் கால்குலேட்டரோடு ஒரு சாயங்காலம் முழுக்கப் போட்டுப் பார்த்தேன். எதால் வகுப்பது என்று சொல்லும் ஜேபெக் தரநிலையின் மாதிரி அட்டவணையில் இடது மேல் மூலையில் 16, வலது கீழ் மூலையில் 99. டிசிடி தந்த எண் மேல் மூலையில் 52 ஆக இருந்தால் 16-ஆல் வகுத்து 3 என்று முழுமையாக்குகிறோம். மறுபடி பெருக்கினால் 48. அந்த 4 போனது போனதுதான். கீழ் மூலையில் 30 இருந்தால் நேராக 0. இப்படிப் பூஜ்யங்கள் கீழ்ப்பக்கம் குவிவதால்தான், அவை ஒன்றாகச் சேர்ந்து வரும்படி மேல் மூலையிலிருந்து குறுக்காக வளைந்து வளைந்து (ஜிக்ஜாக் வரிசையில்) படிக்கிறோம் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. நீங்களும் இதைக் கையால் ஒருமுறையாவது போடுங்கள். வீடியோ பார்த்தால் வராது.

அப்புறம் கணக்கு. 1920×1080, பிக்சலுக்கு 24 பிட், நொடிக்கு 25 ஃபிரேம்: சுருக்காத வீடியோவுக்கு நொடிக்குச் சுமார் 1.24 ஜிகாபிட். 4:2:0 முறையில் நிறத்தகவலைக் குறைத்தாலே பிக்சலுக்கு 12 பிட், அதாவது பாதி. பெரிய கேள்வியை இந்தக் கணக்கோடு தொடங்கினால், கம்ப்ரெஷன் எதற்கு என்று தனியாகப் பத்தி எழுத வேண்டாம்.

வீடியோவில் ஐ (I: தனியாகவே முழுப் படம்), பி (P: முந்தைய ஃபிரேமை வைத்துக் கணிப்பது), பை-டைரக்‌ஷனல் (B: முன்னும் பின்னும் உள்ளதை வைத்துக் கணிப்பது) ஃபிரேம்களில் காட்டும் வரிசையும் அனுப்பும் வரிசையும் வேறு. I-B-B-P என்று வெறுமனே எழுதிக் குழம்பாமல் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எண் போட்டு எழுதுங்கள்.

ஸ்ட்ரீமிங் பாடத்தில் பலர் தடுமாறுவது ஓர் இடத்தில்: வீடியோவைச் சில நொடித் துண்டுகளாகப் பல தரங்களில் வைத்து அனுப்பும் முறைகளான எச்எல்எஸ் (HLS), டாஷ் (DASH) இரண்டிலும் தரத்தைக் கூட்டிக் குறைப்பது சர்வர் இல்லை, ப்ளேயர். நெட் வேகத்தையும் பஃபரையும் பார்த்து அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று அதுதான் முடிவெடுக்கும். லேபில் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருளை வைத்து மூன்று தரங்களில் துண்டு போட்டேன்; தரம் மாறும்போதெல்லாம் படம் திக்கியது. கீஃபிரேம்கள் (மற்ற ஃபிரேம்களின் துணை இல்லாமல் டீகோட் செய்யத் தொடங்கக்கூடிய ஃபிரேம்கள்) மூன்றிலும் ஒரே இடத்தில் விழவில்லை. 6 நொடித் துண்டுக்கு 150 ஃபிரேமுக்கு ஒரு கீஃபிரேம் என்று மூன்றுக்கும் கட்டாயப்படுத்தியதும் சரியாகிவிட்டது. செமஸ்டரில் இதே கேள்வி வந்தபோது லேபில் பார்த்ததைத்தான் எழுதினேன்.