23 மில்லிமீட்டர் வட்டம்

ரத்தத்தில் கிருமி கலந்துவிட்ட நோயாளிக்கு எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று சொல்வது எங்கள் லேப் வேலை. அதை இன்னும் எவ்வளவு சீக்கிரம் சொல்லலாம் என்பதுதான் இப்போது என் ஆராய்ச்சி.

வழக்கமான வழியில் இரண்டு நாள் ஆகும். நோயாளியின் ரத்தத்தை விட்டுக் கிருமியை வளர்க்கும் ப்ளட் கல்ச்சர் பாட்டிலில் ஏதோ வளர்கிறது என்று மெஷின் காட்டியதும் கிராம் ஸ்டெயின் என்ற சாயம் போடுவோம், ஊதாவா சிவப்பா, உருண்டையா குச்சியா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். 1884-இல் வந்த முறை, இன்றும் டாக்டருக்குப் போகும் முதல் போன் அதை வைத்துத்தான். அப்புறம் பிளேட்டில் தடவி ஒரு ராத்திரி விட்டால் கிருமிகள் கூட்டமாக வளர்ந்த காலனி, அந்தக் காலனியை எடுத்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சென்சிட்டிவிட்டி டெஸ்ட் போட்டால் இன்னொரு ராத்திரி. அதுவரை டாக்டர் தன் அனுபவத்தில் ஒரு மருந்தைத் தொடங்கியிருப்பார். கிருமி அதற்கு அடங்காததாக இருந்தால் அத்தனை மணி நேரமும் நோயாளி மருந்தே இல்லாமல் கிடந்த மாதிரிதான்.

மால்டி-டாஃப் என்ற மெஷின் வந்த பிறகு கிருமியின் பெயர் கண்டுபிடிப்பது எளிதாகிவிட்டது. காலனியைத் துளி எடுத்து உலோகத் தட்டில் தடவி லேசர் அடித்தால், கிருமியின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டி, இன்னது என்று சொல்லிவிடுகிறது. (ஷிகெல்லாவையும் ஈ.கோலையையும் பிரிக்கச் சொன்னால் திணறும். இரண்டும் அவ்வளவு நெருங்கிய உறவு.) பெயர்தான் தெரிந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேரின் ரத்தத்தில் வளர்வதும் கிளெப்சியெல்லா நிமோனியேதான், ஒன்று செஃப்ட்ரையாக்சோன் என்ற வழக்கமான மருந்துக்கே அடங்கிவிடும், இன்னொன்று என்டிஎம் என்ற என்சைமைக் கையில் வைத்துக்கொண்டு மெரோபெனம் என்ற பலமான மருந்தையே உடைத்துப் போடும். அந்த என்சைமுக்கான ஜீன் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் ஏறிக்கொண்டு ஒரு இனத்திலிருந்து வேறு இனத்துக்கும் போகும். பெயரை வைத்து அதைச் சொல்ல முடியாது, பிளேட்டில் வைத்த மருந்து டிஸ்க்கை, அதாவது மருந்து ஏற்றிய சின்னக் காகித வட்டைச், சுற்றிக் கிருமி வளராமல் விட்ட வட்டத்தை அளந்துதான் சொல்ல வேண்டும்.

ஆனால் பெயர் தெரியாமல் அந்த வட்டத்தையும் படிக்க முடியாது. இதைப் பயிற்சிக் காலத்தில் ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஸ்டெஃபிலோகாக்கஸ் பிளேட், செஃபாக்சிடின் டிஸ்க், வட்டம் 23 மில்லிமீட்டர். ஆரியஸ் என்ற இனம் என்று நினைத்து எஸ், அதாவது மருந்து கேட்கும், என்று எழுதிவிட்டேன். ஆரியஸுக்கு 22 இருந்தாலே எஸ், சரிதான். ஆனால் அது எபிடெர்மிடிஸ் என்ற வேறு இனம். அதற்கு 23 என்றால் ஆர், அதாவது மெத்திசிலின் வகை மருந்து எதுவும் கேட்காது. ரிப்போர்ட் வெளியே போவதற்குள் சீனியர் பிடித்துவிட்டார். அந்த எண் இன்றைக்கும் மறக்கவில்லை.

வட்டத்தையும் பெயரையும் ஒரே நாளில் எடுக்கலாம் என்பதால்தான், இந்த வட்ட அளவுகளை வகுக்கும் ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்ட்டின் வேக முறை என்னை இவ்வளவு இழுக்கிறது. காலனிக்குக் காத்திருக்காமல் பாட்டில் ரத்தத்தையே முல்லர்-ஹின்டன் என்ற வளர்ப்பு ஊடகம் உள்ள பிளேட்டில் பரப்பி, டிஸ்க் வைத்து, 4, 6, 8 மணி நேரத்தில் வட்டத்தை அளக்கிறோம். ஒவ்வொரு நேரத்துக்கும், ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி அளவுகள். ஆகவே பெயரும் அதற்குள் வந்தாக வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு பிளேட்டில் போட்டு, சில மணி நேரத்தில் மெல்லிய படலம் மாதிரி வளர்வதைச் சுரண்டி மால்டி-டாஃபில் வைக்கிறேன். சில நாள் அந்தப் படலம் போதாது. சில நாள் வட்டத்தின் ஓரம் புகை போலக் கலங்கித் தெரியும், அப்போது அளக்கவே கூடாது. ஓரம் தெளிவாக இருந்தும் எஸ்ஸுக்கும் ஆருக்கும் நடுவே உறுதியாகச் சொல்ல முடியாத பகுதியில் அளவு விழுவதுண்டு, அப்போதும் எதையும் எழுதாமல் பிளேட்டைத் திரும்ப இன்குபேட்டரில் வைத்துவிட வேண்டும். டாக்டர் போனில் இருக்கும்போது அதைச் செய்வது கஷ்டம்.

போன வாரம் ஒரு கிளெப்சியெல்லா. 4 மணி நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை, 6-இல் மெரோபெனம் வட்டத்தின் அளவு நடுவில் நின்றது. 8-இல் எடுத்துப் பார்த்தால் டிஸ்க்கின் விளிம்பு வரை வளர்ந்திருந்தது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தோம். இரவு பத்தரைக்கு வார்டுக்குப் போன் செய்து, மெரோபெனம் கேட்காது என்று சொன்னேன்.