உள்ளங்கை வியர்வைக்குத் தண்ணீர்த் தட்டு வைத்தியம்

காரைக்குடியில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சித்திரை வெயிலில் எல்லோருக்கும்தான் வேர்க்கும். எனக்கு மார்கழி விடியற்காலையிலும் உள்ளங்கை சொட்டும். அடகுச் சீட்டில் மை கலையும். ரேஷன் கடை மெஷின் ரேகையை ஏற்காது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஒருவழியாகத் தோல் டாக்டரிடம் போனேன்.

அவர் கையைத் தொடுமுன் கேள்விதான் கேட்டார். தூக்கத்தில் வேர்க்குமா? வேர்க்காது. இரண்டு கையும் ஒன்றுபோலவா? ஆமாம். வீட்டில் வேறு யாருக்காவது? அப்போதுதான் உறைத்தது. அப்பச்சி யாருக்கும் கை கொடுக்க மாட்டார், கும்பிடுதான். மரியாதை என்றே நினைத்திருந்தேன். தைராய்டு, சர்க்கரைக்கு ரத்தம் பார்த்ததில் ஒன்றும் இல்லை.

அப்புறம் உள்ளங்கையில் அயோடின் தடவிக் காயவைத்து, மேலே ஸ்டார்ச் மாவைத் தூவினார். வியர்வை பட்ட இடமெல்லாம் கருநீலப் புள்ளிகள், விரல் ரேகையின் மேடுகளில் வரிசையாக. ஒவ்வொன்றும் ஒரு சுரப்பியின் வாய். தோலுக்கு அடியில் நூல்கண்டுபோலச் சுருண்ட குழாயில் வியர்வை ஊறுகிறது. மேலே வரும் வழியிலேயே உப்பில் பெரும்பகுதியைக் குழாய் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உடம்பில் இப்படி 20 முதல் 40 லட்சம் சுரப்பிகள். உள்ளங்கையிலும் பாதத்திலும் நெருக்கம் அதிகம். “சுரப்பியில் பழுதில்லைங்க, அதுக்கு வர்ற உத்தரவுதான் அதிகம்” என்றார்.

உத்தரவு கொண்டுவருவது சிம்பதெடிக் நரம்பு, நாம் நினைக்காமலே தானாக இயங்குகிற நரம்புகளில் ஒன்று. அதன் நுனிகள் பொதுவாக நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைத்தான் விடும். இந்தச் சுரப்பிக்கு வருகிற கிளை மட்டும் அசிட்டைல்கோலின் என்ற வேறொரு ரசாயனத்தை விடுகிறது. 1934இல் டேல், ஃபெல்ட்பெர்க் என்ற விஞ்ஞானிகள் அதைக் காட்டியது பூனையின் பாதத்தில். நம் உள்ளங்கையில் உள்ள வகைச் சுரப்பி பூனைக்கும் நாய்க்கும் பாத மெத்தையில்தான் இருக்கிறது. சிறாவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளை வளர்க்கும் என் சித்தப்பா, “மாட்டுக்கு முதுகெல்லாம் நனையுதே?” என்றார். அது வேறு வகை. மாட்டுக்கு மயிர்க்காலுக்கு ஒரு சுரப்பி, அதை முடுக்குவதும் அட்ரினலின் வகைதான். எருமைக்கு அந்தச் சுரப்பிகளும் குறைவு. ஊரணியை விட்டு எழாததில் நியாயம் இருக்கிறது.

சரி, என் கைக்கு வருவோம். இரவில் தடவ அலுமினியம் குளோரைடு கொடுத்தார், அரிப்பு தாங்கவில்லை. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் கிளைக்கோபைரோலேட் மாத்திரை கையை உலர்த்தியது, நாக்கையும் சேர்த்து. எச்சில் சுரப்பியும் அசிட்டைல்கோலினை நம்பித்தான் இருக்கிறது. நெஞ்சுக்குள் நரம்பை வெட்டும் ஆபரேஷனும் உண்டு. கை காய்ந்தாலும் பலருக்கு முதுகும் வயிறும் கூடுதலாக வேர்க்கத் தொடங்கும் என்றதும் அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

மிஞ்சியது அயன்டோஃபோரசிஸ். இரண்டு தட்டில் தண்ணீர், தட்டுக்கு ஒரு கை, நடுவே மெல்லிய மின்சாரம், 15 முதல் 20 மில்லிஆம்பியர். ஒரு முறைக்கு அரை மணி நேரம்வரை, முதலில் வாரம் மூன்று முறை. மோதிரத்தைக் கழற்ற வேண்டும், கீறல் இருந்தால் வாசலின் பூச வேண்டும். ஊசி குத்துகிற மாதிரி சுருசுருவென்று இருக்கும். நடுவில் வெடுக்கென்று கையை எடுத்தால் ஷாக் அடிக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. உடம்பில் உலோகத் தகடு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிறகு மெஷினை வாங்கி வீட்டிலேயே செய்தேன். வளவில் அண்டா நிறையப் பிடித்துவைத்த மழைத் தண்ணீரை ஊற்றினால் கரண்ட் ஏறவே இல்லை. அதில் கரைந்த உப்பு மிகக் குறைவு. போர்வெல் தண்ணீரில் உடனே ஏறியது. கை காய்ந்த பிறகு வாரம் ஒருமுறை போதும். பொங்கலுக்கு விருந்தாள் வந்து வீடு நிறைந்தபோது விட்டுவிட்டேன். மெல்ல மெல்ல ஈரம் திரும்பியது. மறுபடியும் வாரம் மூன்று முறையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.