40 நிமிசம்

தங்கச்சிட மகன் இண்டைக்கு 40 நிமிசம் மெசின் இல்லாம மூச்செடுத்தான். மாசம் நிறையாமப் பிறந்த புள்ள. இப்ப ஒண்டரை வயசு, கழுத்தில குழாய் வெச்சு, மூச்சுக் குடுக்கிற மெசின் வென்டிலேட்டரோட இருக்கான்.

ஊர்ல கேக்கிற கேள்வி ஒண்டுதான்: "எப்பகா கழட்டுவாங்க?" சுவிட்சை நிப்பாட்டுற வேலையா இது! மெசின் ஊதி ஊதி, மூச்செடுக்கிற தசை சோம்பிப் போய்க் கிடக்கு. அதுக்குப் பயிற்சி குடுக்கோணும். முழிச்சிருக்கக்குள்ள முதல்ல 5 நிமிசம், பிறகு 10. ராவில கை வைக்கவே மாட்டாங்க, நித்திரையில மூச்சு இன்னும் தளரும். சளி புடிச்சா போச்சு, திரும்பவும் பழைய இடம்.

நான் ஒட்சிசன் மீட்டரையே பாத்துக்கொண்டு நிண்டன். 95, 94, 96. நர்ஸ் மிஸ்ஸி ஏசிப்போட்டா: "இலக்கத்தை மட்டும் பாக்காதீங்கம்மா, புள்ளைட நெஞ்சைப் பாருங்க. விலா உள்ள இழுக்குதா, மூக்கு விரியுதா?" நிறையும் கூடோணுமாம். மூச்சுக்கே சத்தெல்லாம் செலவானா உடம்பு எங்க வைக்கிற?

ஆனா இந்த வயசில நுரையீரல்ல புதுக் காற்றறைகள் இன்னும் வளருமாம். அதைக் கேட்டதும்தான் தங்கச்சி சோத்தில கை வெச்சா.

கடைசியில கொட்டாவி விட்டான். மெசினைக் கொழுவிட்டாங்க. வரக்குள்ள மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில ஒரே கச்சான் காத்து, கண்ணெல்லாம் மண். நாளைக்கு 45 நிமிசமாம்.